வளைவில் நட்ட கல்

எங்கள் தெருவுக்கு நடைபாதை வந்ததே என்னால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். மீதியை அவர்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

போடியிலிருந்து மலைக்குப் போகிற ரோடு, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் கடைசியாக வளைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. தெரு என்று பேர்தானே தவிர, அது ரோடேதான். இரண்டு பக்கமும் வீடுகள். வீட்டுக்கும் தாருக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்குத் திறந்த சாக்கடை. அவரவர் வாசலுக்கு நேராக மட்டும் ஒரு பலகைக்கல்லைச் சாக்கடை மேல் போட்டிருந்தோம். அதிலிருந்து இறங்கினால் கால் படுவது ரோட்டில்தான். விடிந்தும் விடியாமலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். முந்திப் போனால் இன்னொரு ட்ரிப் அடிக்கலாம் என்று டிரைவர்களுக்குள் போட்டி. பின்னால் கம்பியைப் பிடித்து நாலு பேர் தொங்குவார்கள், முன்னால் என்ஜின் மூடிமேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஹாரன் கேட்டால் நாங்கள் ஓரமாக ஒதுங்க வேண்டும். ஒதுங்க ஓரம் எங்கே இருந்தது? சாக்கடைதான் இருந்தது.

நானும் எதிர்வீட்டுக்காரியும் வளைவை ஒட்டியிருந்த ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், காய் பொறுக்கினோம். சுளகில் காயைக் கொட்டி, பெரிய காய் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். புருஷன் மலையில் ஒரு எஸ்டேட்டில் வாட்ச்மேன், மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். யாரோடும் சண்டை போடத் தெரியாது அவளுக்கு. எனக்கு அது மட்டும்தான் தெரியும். "யக்கா வாயைக் கொண்டுபோய் மலை உச்சியில வச்சிட்டா ஒரு ஜீப்பு கீழ இறங்காது" என்று கிட்டங்கியில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள். அவளைத் தவிர வேறு எவள் சொல்லியிருந்தாலும் சுளகு பறந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அவளுக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தவள் நான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அன்றைக்குக் காலையில் நான் அவசரமாகக் கிளம்பியதில் கஞ்சித் தூக்குவாளியை அடுப்படியிலேயே மறந்துவிட்டேன். அக்கா பட்டினி கிடப்பாளே என்று அவள் அதை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்து வந்தாள். வளைவில் ஒரு ஜீப்பு.

அந்த வளைவில் சாக்கடை ரோட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விடும். அதனால் அங்கே மட்டும் கிட்டங்கிச் சுவருக்கும் தாருக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு மண் உண்டு. எங்கள் தெரு முழுக்க ரோட்டை விட்டு இறங்கி நிற்க இருந்த இடம் அது ஒன்றுதான். அதில் ஏறிவிடலாம் என்று ஓடியிருக்கிறாள். வயிற்றோடு எவ்வளவு ஓட முடியும்? நான் வந்து பார்த்தபோது தூக்குவாளி மூடி கழலாமல் அப்படியே ஓரமாக நின்றது. அவள் கை வளையல் ஒன்றுகூட முழுசாக இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவளுக்குச் சுமைதாங்கி நடுவார்கள். ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். விறகுக்கட்டோ புல்லுக்கட்டோ சுமந்து வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் அதன்மேல் சுமையை இறக்கி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இறங்காத சுமையோடு போனவளுக்கு, அடுத்தவர் சுமை இறங்குகிறபோது கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. நாற்பது நாளுக்குள் நான் நட்டேன். மரத்தடியில் நடலாம், ஊருணிக் கரையில் நடலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் விழுந்த இடத்தில்தான் நடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அந்த மூன்றடி மண்ணில், சுவரையொட்டி, நீளவாக்கில், கால் வைக்க இடம் மிச்சமில்லாமல் கல் நின்றது. ஒதுங்கி நிற்க இருந்த ஒரே இடத்தை அடைத்துவிட்டோமே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை.

குரங்கணிப் பக்கமிருந்து விறகு கொண்டு வருகிற பெண்கள் அங்கே கட்டை இறக்குவார்கள். கிட்டங்கி ஜன்னலுக்குள் அந்தச் சத்தம் கேட்கும். கேட்கிறபோதெல்லாம் என் கை சுளகில் ஒரு நொடி நிற்கும். "உன் தங்கச்சிக்கு ஒரு சுமை கொறஞ்சிச்சு யக்கா" என்பாள் எதிர்வீட்டுக்காரி, தலை நிமிராமல். அவள் சொன்னால் நான் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வெறி பிடித்தது. இந்தச் சாக்கடையைப் பலகைக்கல் போட்டு மூடிவிட்டால் அதுவே நடைபாதை. தெருவே ரோட்டில் இறங்காமல் நடக்கலாமே! எட்டாவது வரை படித்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான், அதனால் மனு எழுதுகிற சோலி என் தலையில் விழுந்தது. ரோட்டு வேலை பார்க்கிற ஆபீசுக்கு எத்தனை மனு கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்து எல்லா மனுவிலும் முதல் ரேகையாக வைப்பாள். ஆபீசில் என்னோடு கால் கடுக்க நிற்பதும் அவள்தான். நான் கத்துவேன். கத்தி முடித்ததும் அவள், "கோவிச்சுக்கிறாதீங்க சார், அது தங்கச்சியைத் தூக்கிக் குடுத்தது" என்று சமாதானம் சொல்வாள். வெளியே வந்ததும் அதற்கும் சேர்த்து அவளைத் திட்டுவேன்.

வருஷங்கள் போயின. ஒருநாள் காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் சுளகோடு போய் ரோட்டு நடுவில் உட்கார்ந்துவிட்டோம். ஜீப்புகள் வரிசையாக நின்றன. உள்ளே இருந்தவர்கள் யார்? எங்கள் வீட்டு ஆட்கள்தான். அண்ணன், தம்பி, கொழுந்தன் எல்லோரும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஒரு டிரைவர் இறங்கி வந்து, "ஆத்தா, எந்திரிங்க ஆத்தா, லேட்டாச்சுன்னா மேல கங்காணி ஆளு எடுக்க மாட்டாரு" என்று கெஞ்சினான். "கொஞ்சம் லேட்டாப் போனா உசிரா போயிரும்? வெரசாப் போயித்தானடா எடுத்தீங்க?" என்று நான் கேட்டேன். அவன் திரும்பிப் போய் என்ஜினை நிறுத்தினான். அன்றைக்குப் பாதி வேலைநாள் போனதற்கு எங்கள் ஆண்கள் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. ஆனால் ஆபீசிலிருந்து ஒரு ஓவர்சியர் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எண்பதுகள் பிறந்துவிட்டிருந்தன. ஓவர்சியர் நல்ல மனுஷர், சின்ன வயது. சாக்கடைமேல் யார் யார் என்ன கட்டியிருக்கிறார்களோ எல்லாவற்றையும் எடுத்துத் தந்தால்தான் கல் போட முடியும் என்றார். அவர் கேட்டால் யாராவது எடுப்பார்களா? நான் வீடு வீடாகப் போனேன். படி கட்டியிருந்தவர்கள் இருந்தார்கள், துவைக்கிற கல் போட்டிருந்தவர்கள் இருந்தார்கள், மாட்டுக்குக் காடித்தொட்டி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். "எல்லாரும் இடிக்கிறாக, உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?" என்று கேட்டுக் கேட்டே இடிக்க வைத்தேன். நாலாவது வீட்டில் ஒரு அண்ணன், பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்தவர். அந்த அம்மா தினமும் விளக்குப் போட்ட துளசி மாடம் சாக்கடையை ஒட்டி நின்றது. அது ஒன்றையாவது விட்டுவிடேன் என்று கேட்டார். "நாளைக்கு அதைச் சுத்திப் போகையில ஒரு புள்ள அடிபட்டா அந்தத் துளசி எந்திரிச்சு வந்து காப்பாத்துமாண்ணே?" என்றேன். மறுநாள் அவரே கடப்பாரை எடுத்து மாடத்தைப் பெயர்த்தார். செடியை ஒரு உடைந்த பானையில் வைத்துக்கொண்டார். நான் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

வேலை தெருவின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி வளைவுக்கு வந்து சேர்ந்தது. சுமைதாங்கிக்கு முன்னால் கொத்தனார்கள் நின்றுவிட்டார்கள். மூன்றடி மண்ணையும் கல் அடைத்துக்கொண்டிருந்தது. ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். தெருவில் பாதி சனம் கூடிவிட்டது.

"அம்மா, கல்லை எடுத்து எறியச் சொல்லல. எதுத்தாப்புல, சாக்கடைக்கு அங்கிட்டு இருக்கிற வேப்பமரத்தடியில நாங்களே தூக்கி நட்டுத் தர்றோம். பத்து எட்டுத் தள்ளி, அம்புட்டுத்தான்."

"அவ பத்து எட்டுத் தள்ளியா சார் விழுந்தா?"

"இந்த இடந்தாம்மா மோசமான இடம். இதுல பாதை விட்டுப்போச்சுன்னா போட்டதெல்லாம் எதுக்கு?"

துளசி மாடத்து அண்ணன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "நீ சொன்னேன்னுதான ஆத்தா நான் பேத்து எடுத்தேன்? அதுவும் செத்தவ வச்ச மாடந்தான். இப்ப ஒன் கல்லுன்னா மட்டும் எடுக்க மாட்டியா?"

"மாடத்தைப் பேத்தா மண்ணு வரும்ணே. இதைப் பேத்தா என் தங்கச்சி ரத்தம் வரும்" என்று கத்தினேன். கல்லைக் கட்டிக்கொண்டு நின்றேன். "எவனாச்சும் இதுல கடப்பாரையை வச்சான்னா இங்கனயே ஜீப்புக்கு முன்னால விழுந்து சாவேன்" என்றேன். சொன்னதைச் செய்கிறவள் என்று தெருவுக்குத் தெரியும். சரி என்று நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் எனக்குத் தெரியாமல் இல்லை, அண்ணன் கேட்டது ஞாயம்தான். தெரிந்துதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அப்போது எதிர்வீட்டுக்காரி வந்து என் தோளில் கை வைத்தாள். "விடுங்க சார். அந்தப் புள்ள கல்லு அங்கனயே இருக்கட்டும். நாலு எட்டுத்தான, நாங்க சுத்திப் போய்க்கிறோம்" என்றாள். அவள் சொன்னதும் கூட்டம் தளர்ந்துவிட்டது. ஆமாமா, சுற்றிப் போய்க்கிறோம், பாவம் என்று நாலு பேர் சொன்னார்கள். ஓவர்சியர் டேப்பைச் சுருட்டினார். அங்கே போட வந்த நாலு பலகைக்கல்லையும் கிட்டங்கிச் சுவரில் சாத்திவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மனசு மாறினால் சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

தெரு மாறித்தான் போனது. கீழ்க்கோடியிலிருந்து வளைவு வரை ரோட்டில் கால் வைக்காமல் நடக்க முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிரும். ஆனால் வளைவு வந்ததும் எல்லோரும் இறங்கி, கல்லைச் சுற்றி ரோட்டில் நாலு எட்டு நடந்து, மறுபடி ஏறிக்கொள்வார்கள். பழகிவிட்டது. இதற்குள் தலைச்சுமைக்காரர்களும் குறைந்துபோனார்கள். விறகும் புல்லும் ஜீப்பிலேயே லோடாக இறங்க ஆரம்பித்துவிட்டன. சில வாரம் அந்தக் கல்லில் ஒரு கட்டுகூட இறங்காது. சுவரில் சாத்திய நாலு பலகைக்கல்லும் பாசி பிடித்து நின்றன. அதையும் தினம் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

வேலைக்குப் போகிறபோது கல்லில் கை வைத்து ஒரு நிமிஷம் நிற்பது என் பழக்கம். தங்கச்சியிடம் ஏதாவது சொல்வேன். பெரிதாக ஒன்றும் இருக்காது, இன்றைக்கு இன்ன குழம்பு, கால் வலிக்கிறது, இப்படி. அப்போது எதிர்வீட்டுக்காரி என்னோடு நிற்க மாட்டாள். அக்காளும் தங்கச்சியும் பேசுகிற இடத்தில் மூன்றாமவள் எதற்கு என்று இறங்கிச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் கிட்டங்கி வாசலில் காத்திருப்பாள்.

ஐப்பசி மழை. காலை எட்டு மணி இருக்கும். இருவரும் சாக்கை முக்காடாக மடித்துத் தலையில் போட்டிருந்தோம். நான் கல்லில் கை வைத்தேன். "வெரசா வா யக்கா, நனைஞ்சிட்டுப் பேச என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அவள் சாக்கு காதையும் கண்ணோரத்தையும் மறைத்திருந்தது. மழையில் ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. என் கை கல்லில் இருந்தது.

அடித்த ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றுபோனது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட வாழ்நாள் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பேன். அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தெருவில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துளசி மாடத்து அண்ணன் துக்கத்துக்கு வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து மனு எழுதினேன். வளைவில் இருக்கிற கல்லை எடுத்துவிட வேண்டியது என்று இரண்டே வரி. முதல் ரேகை வைக்க ஆள் இல்லாமல் என் கையெழுத்தை மட்டும் போட்டேன். ஓவர்சியர் வாங்கிப் படித்துவிட்டு, "இன்னைக்கே அனுப்புறேம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

நாலு பேர் வந்தார்கள். கல்லைப் பெயர்த்துத் தூக்கிப்போய் எதிரே வேப்பமரத்தடியில் நட்டார்கள். மண்ணைச் சமன்செய்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, நாலு பலகைக்கல்லையும் போட்டார்கள். பூச்சு வேலையும் சேர்த்து அரை நாள். மொத்தமே அரை நாள் சோலி. ரத்தம் ஒன்றும் வரவில்லை, மண்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் புருஷன் என் வாசலுக்கு வந்தார். மலைக்குளிரில் வெடித்த கையை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மதினி, அவளுக்கும் ஒரு கல்லு நடுவமா? விழுந்த இடத்துல முடியாது, தெரியும். அந்த வேப்பமரத்துக்கிட்ட, ஒங்க தங்கச்சி கல்லுக்குப் பக்கத்துல?"

வழக்கம் தெரிந்த வேறு யாரையாவது போய்க் கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

"அது வயித்துப் புள்ளையோட போனவளுக்கு மட்டுந்தான்யா நடுறது" என்றேன்.

"அப்ப இவளுக்கு ஒண்ணும் கெடையாதா மதினி?"

"கெடையாதுய்யா."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபமே இல்லை. மழைக்கு முன்னால் மலையேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார். மேலே திரும்புகிற கடைசி ஜீப்புக்காக வளைவில் அந்தப் புதுப் பலகைக்கல் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நடைபாதை இப்போது எங்கும் விடாமல் போகிறது. பிள்ளைகள் வளைவில் குதித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் மட்டும் அந்த இடம் வந்ததும் ரோட்டில் இறங்கிவிடுகிறேன். அந்த நாலு பலகைக்கல் மேல் என் கால் பட வேண்டாம். "ஏ கெழவி, பாதை இருக்கையில ரோட்டுல என்ன சோலி?" என்று ஜீப்புக்காரர்கள் ஹாரன் அடித்துக் கத்துகிறார்கள். கத்தட்டும். நாலு எட்டுத்தானே, நான் சுற்றிப் போய்க்கொள்கிறேன்.